பட்டன் இருக்கிறது சார், வயது என்ன?

கேள்வி: சார், 2014 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல் கார் ஒன்றைப் பேசி முடித்து அட்வான்ஸ் கொடுத்திருக்கிறேன். ஆர்.சி.யில் தயாரிப்பு மாதம் 04/2014 என்று இருக்கிறது. மீட்டர் 52,000 கிலோமீட்டர் காட்டுகிறது. டயர் எல்லாம் 70 சதவீதம் இருக்கிறது என்றார் புரோக்கர். என் மாமனாரும் டயர் தரையில் படும் பக்கத்து ரப்பர் கட்டிகளைப் பார்த்துவிட்டு, "பட்டன் நல்லா இருக்கு மாப்ள, இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்" என்கிறார். டயரில் தேதி போட்டிருக்கும் என்று கேள்விப்பட்டு டார்ச் அடித்துத் தேடினேன். முன்பக்கம் இரண்டிலும் 2219. பின்பக்கம் வலது டயரில் 4716. பின் இடது டயரில் டி.ஓ.டி. என்ற எழுத்து இருக்கிறது, ஆனால் அந்த நாலு எண் இல்லை. ஸ்டெப்னியில் 0914, தேயாமல் புதிதுபோலவே இருக்கிறது. இதையெல்லாம் எப்படிப் படிப்பது? பழைய டயர் கடையில் 3823 என்று போட்ட செகண்ட்ஸ் டயர் 1,800 ரூபாய்க்குத் தருகிறார்கள். பின்பக்கத்துக்கு அதில் இரண்டு வாங்கிப் போடலாமா? மாதம் இரண்டு முறை குடும்பத்தோடு சென்னை போய்வர வேண்டியிருக்கிறது.
– ஒரு வாசகர், கரூர்

பதில்: பழைய கார் வாங்கும் பலர் பெயின்ட், ஏசி, மியூசிக் சிஸ்டம் எல்லாம் பார்த்துவிட்டு டயரைக் காலால் ஒரு உதை உதைத்துப் பார்ப்பதோடு சரி. நீங்கள் டார்ச் அடித்து எண்ணைத் தேடியிருக்கிறீர்கள். அதனால் உங்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். டயர் கம்பெனி ஒன்றில், வாரண்டி கேட்டு வரும் டயர்களைச் சோதித்து முடிவு சொல்லும் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். அந்தக் கண்ணோடு உங்கள் ஐந்து டயரையும் பார்க்கிறேன்.

எண்ணைப் படிப்பது சுலபம். நாலு எண்ணில் முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். 2219 என்றால் 2019ஆம் ஆண்டின் 22ஆவது வாரம். வாரத்தை 4.3ஆல் வகுத்தால் மாதம் கிடைக்கும். இங்கே ஐந்தைச் சற்றே தாண்டுகிறது, அதாவது மே முடிந்து ஜூன் பிறக்கும் நேரம். 4716 என்பது 2016 நவம்பர் பிற்பகுதி. 0914 என்பதை செப்டம்பர் 2014 என்று படிப்பவர்கள் நிறையப் பேர். அப்படிப் படித்தால் ஏப்ரலில் தயாரான உங்கள் காருக்கு செப்டம்பரில் செய்த டயர் எப்படி வந்தது என்று குழப்பம்தான் மிஞ்சும். அது 2014இன் ஒன்பதாவது வாரம், பிப்ரவரி கடைசி அல்லது மார்ச் தொடக்கம். டயர் தொழிற்சாலையிலிருந்து கார் தொழிற்சாலைக்குப் போய் வண்டியில் ஏறச் சில வாரங்கள் ஆகும். ஆகவே உங்கள் ஸ்டெப்னி காரோடு பிறந்தது. முதல் இரண்டு எண் 53ஐத் தாண்டவே முடியாது. கடைக்காரர் 7218 போன்ற எதையாவது காட்டி "2018 டயர் சார்" என்றால் அது தேதியே இல்லை, வேறு ஏதோ எண்.

நாலுக்குப் பதிலாக மூன்றே எண் இருந்தால் அது 2000ஆம் ஆண்டுக்கு முந்தைய டயர். அந்தக் காலத்தில் வருடத்துக்கு ஒரே ஒரு எண்தான் போட்டார்கள். பழைய அம்பாசிடர், பத்மினி வாங்கி ஆசையாகப் புதுப்பிக்கிற நண்பர்கள் டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னியைத் திருப்பிப் பார்த்தால் இப்படி ஒன்று மாட்டலாம். அதைக் கண்காட்சியில் வைக்கலாம், சாலையில் வேண்டாம்.

இனி உங்கள் பின் இடது டயர். டி.ஓ.டி. என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் குறி. அந்த நாட்டு விதிப்படி முழு எண் டயரின் ஒரு பக்கத்தில் இருந்தால் போதும். மறுபக்கத்தில் தேதி இல்லாத பாதி எண்ணை மட்டும் போடலாம். உங்கள் டயரில் தேதி உள்ள பக்கம் வண்டிக்கு அடியில் உள்பக்கமாகத் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான். மற்றபடி எல்லா டயரிலும் டி.ஓ.டி. என்ற எழுத்து இருக்க வேண்டும் என்பதில்லை. நம் நாட்டில் கட்டாயம் ஐ.எஸ்.ஐ. முத்திரைதான், அதற்கான ஆணை 2009இல் வந்தது. டி.ஓ.டி. இல்லாவிட்டாலும் வரிசை எண்ணின் கடைசியிலோ, தனியாக ஒரு சின்னக் கட்டத்துக்குள்ளோ அந்த நாலு எண் இருக்கும்.

உள்பக்கத்தைப் பார்க்க வண்டிக்கடியில் படுக்க வேண்டியதில்லை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, இன்ஜினை அணைத்துவிடுங்கள். போனில் வீடியோவை ஓடவிட்டு, ஃபிளாஷ் வெளிச்சத்தோடு டயருக்குப் பின்னால் கையை விட்டு மெதுவாக ஒரு அரைவட்டம் சுற்றி எடுங்கள். எண் தரைப்பக்கம் இருந்தால் தெரியாது. வண்டியை அரைச் சுற்று உருட்டிவிட்டு மறுபடி எடுங்கள். சேறு அப்பியிருந்தால் ஈரத்துணியால் துடைத்து, சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்தால் எண் எழும்பித் தெரியும். அதற்கும் பொறுமை இல்லையென்றால் பஞ்சர் கடையில் ஒரு ஜாக்கி போட்டு வீலைக் கழற்றச் சொல்லுங்கள்.

அந்த எண் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்கிறேன். உங்கள் வண்டி 52,000 ஓடியிருக்கிறது என்கிறார்கள். கம்பெனியிலிருந்து வரும் முதல் செட் டயர் நம் சாலைகளில் நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் கிலோமீட்டர் வருவது சாதாரணம். அப்படிப் பார்த்தால் இந்த வண்டிக்கு ஒரே ஒருமுறைதான் டயர் மாற்றியிருக்க வேண்டும், அதுவும் சமீபத்தில். ஆனால் இங்கே 2016 டயர் ஒன்று, 2019 டயர் இரண்டு இருக்கின்றன. வண்டி வாங்கி இரண்டே முக்கால் வருடத்தில் பின் டயரை மாற்றினார்கள், 2019இல் முன் டயரை மாற்றினார்கள் என்றால், அந்த ஐந்து வருடத்தில் வண்டி நன்றாகவே ஓடியிருக்கிறது. அதற்குப் பிறகு இத்தனை வருடம் ஓட்டியும் மீட்டர் 52,000தானா?

இதற்கு நியாயமான விளக்கமும் இருக்கலாம். பின் வலது டயர் ஆணியிலோ கல்லிலோ கிழிந்து, அவசரத்துக்கு ஒரு செகண்ட்ஸ் டயரை எப்போதோ வாங்கிப் போட்டிருக்கலாம். அதைத்தான் பின் இடது டயரின் எண் சொல்லும். அதுவும் 2016 கடைசி அல்லது 2017 தொடக்கம் என்று இருந்தால் இரண்டையும் ஜோடியாகப் புதிதாக வாங்கியிருக்கிறார்கள். அப்போது மீட்டர் மேல் சந்தேகம் வலுக்கிறது. 2012, 2013 தொடக்கம் என்று காரைவிட வெகுவாகப் பழைய எண் வந்தால் அது நிச்சயம் வெளியிலிருந்து வந்த பழைய டயர். வண்டியை விற்குமுன் நல்ல டயரைக் கழற்றி வைத்துக்கொண்டு, கிடைத்ததை மாட்டிவிடுவது நம் ஊரில் புதிய வித்தை ஒன்றும் இல்லை. எதுவானாலும், அட்வான்ஸோடு நிறுத்தி, மீதிப் பணம் தருவதற்குமுன் வண்டி எண்ணைச் சொல்லிக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் விவரத்தைக் கேளுங்கள். எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டரில் வண்டி உள்ளே வந்தது என்பது அதில் இருக்கும். அந்த வரலாறும் டயர் எண்களும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

சரி, மாமனார் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொல்வதில் பாதி சரி. பட்டன் ஆழம் சட்டப்படியே முக்கியம். கார் டயரில் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் ஓட்டக்கூடாது. பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் ஆங்காங்கே ஒரு சின்ன மேடு தெரியும். டயரின் தோள்பட்டையில், அதாவது பட்டனும் பக்கச் சுவரும் சேரும் ஓரத்தில், முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ போட்டு அது எங்கே இருக்கிறது என்று காட்டியிருப்பார்கள். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் கதை முடிந்தது. ஆனால் பட்டன் சொல்வது டயர் எவ்வளவு ஓடியது என்பதை மட்டும்தான். எத்தனை வெயில் பார்த்தது என்பதை அது சொல்லாது. எனக்குக் கேட்டால், பட்டன் தேய்ந்த பழைய டயரைவிட பட்டன் தேயாத பழைய டயர்தான் ஆபத்து. மொட்டை டயரைப் பார்த்தால் யாரும் பயப்படுவார்கள். பட்டன் நிற்கிற பத்து வருட டயர், அதைப் போட்டு ஓட்டுகிறவருக்கு நூறில் போகத் தைரியம் கொடுக்கிறது.

ஓடாமல் இருந்தால் டயர் கெடாது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது தப்பு. டயர் ரப்பரில் மெழுகும், காற்றிலுள்ள ஓசோனிலிருந்து காக்கும் ரசாயனமும் கலந்திருப்பார்கள். டயர் உருண்டு நெளிய நெளிய அவை மேற்பரப்புக்குக் கசிந்து வந்து ஒரு படலமாகக் காக்கும். சில டயர்களின் பக்கச் சுவரில் தெரியும் பழுப்பு நிறம் இதனால் வருவதுதான். நின்றுகொண்டே இருக்கும் வண்டியின் டயருக்கு இந்தக் கசிவு ஒழுங்காக நடக்காது. அதனால் பக்கச் சுவரிலும் பட்டன் பள்ளங்களின் அடியிலும் மெல்லிய வெடிப்பு விடும்.

கண்ணுக்குத் தெரியும் வெடிப்புகூடப் பரவாயில்லை. தெரியாத இடத்தில் நடப்பதுதான் பெரிய விஷயம். பட்டனுக்கு அடியில் இரண்டு அடுக்கு எஃகுக் கம்பி பெல்ட் இருக்கிறது. அவற்றை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பது ரப்பர். டயருக்குள் அழுத்தத்தில் இருக்கும் காற்று சும்மா இருப்பதில்லை. அதிலுள்ள ஆக்சிஜன் கொஞ்சம் கொஞ்சமாக ரப்பர் வழியே ஊடுருவி வெளியே வந்துகொண்டே இருக்கும். வரும் வழியில் பெல்ட்டைப் பிடித்திருக்கும் ரப்பரை உள்ளிருந்தே இறுக வைக்கும். ஃபிரிட்ஜ் மேல் வருடக்கணக்கில் கிடந்த ரப்பர் பேண்ட் இழுத்ததும் அறுந்துவிடும் பாருங்கள், அந்தக் கதைதான். பெல்ட்டின் ஓரத்தில் சின்னதாக விரிசல் தொடங்கும், உள்ளேயே வளரும். மே மாத வெயிலில் நான்கு பேரும் பெட்டிகளும் ஏறிய வண்டி மூன்று மணி நேரம் நிற்காமல் ஓடும்போது, மேலே உள்ள பட்டை அப்படியே உரிந்து வரும். வெளியிலிருந்து பார்த்து இதை முன்கூட்டிச் சொல்ல என்னாலும் முடியாது. அதனால்தான் வயதைப் பார்க்கச் சொல்கிறோம்.

இதில் வெப்பத்தின் பங்கு பெரியது. ரசாயன மாற்றங்களுக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: பத்து டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை 2007இல் அந்நாட்டுக் காங்கிரஸுக்குக் கொடுத்த அறிக்கையில் ஒரு பெரிய காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கு வருகிறது. டெக்சாஸ், கலிபோர்னியா, லூசியானா, புளோரிடா, அரிசோனா ஆகிய ஐந்து வெப்ப மாநிலங்களில் அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் 27 சதவீதம்தான். ஆனால் டயர் கோளாறு தொடர்பாக வந்த இழப்பீட்டுக் கோரிக்கைகளில் 77 சதவீதம் அங்கிருந்து வந்தவை. அவற்றில் 84 சதவீதம் ஆறு வயதைத் தாண்டிய டயர்கள். கரூர் வெயிலை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

குளிர் தேசமும் தப்பவில்லை. 2012இல் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில், இசை விழா முடிந்து திரும்பிய ஒரு பஸ்ஸின் முன் டயர் வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். அந்த டயருக்கு வயது 19. அன்றைய சட்டத்தில் வயதுக்கு வரம்பு இல்லை. பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு 2021 பிப்ரவரி 1 முதல் லாரி, பஸ்களின் முன் அச்சில் பத்து வயதைத் தாண்டிய டயர் போட அங்கே தடை வந்தது. தேதி எண் படிக்கும்படி இருக்க வேண்டும் என்பதும் அந்த விதியிலேயே சேர்ந்தது. நம் நாட்டில் கார் டயருக்கு இப்படி வயது வரம்பு எதுவும் இல்லை. அதனால் போலீஸ் பிடிக்கவில்லை, எஃப்.சி.யில் கேட்கவில்லை என்பதை டயர் நன்றாக இருப்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எத்தனை வருடம்தான் கணக்கு என்றால், கார் கம்பெனிகள் பல ஆறு வருடம் என்கின்றன. டயர் கம்பெனிகள் சில, ஐந்து வருடத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் சோதிக்கச் சொல்லி, பத்து வருடத்தை எப்படியும் தாண்டக்கூடாத எல்லையாக வைக்கின்றன. இரண்டும் சரிதான். நிழலில் நிற்கும், ஊருக்குள் மட்டும் ஓடும் வண்டிக்கு எட்டு வரை கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். வெயிலில் நிற்கும், நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு ஓடும் வண்டிக்கு நான் ஆறுக்கு மேல் ஒத்துக்கொள்வதில்லை.

இந்த அளவுகோலில் உங்கள் டயர்களைப் பார்ப்போம். 4716க்கு ஒன்பது வயது தாண்டிவிட்டது. பட்டன் எப்படி இருந்தாலும் அதைக் கழற்றிவிடுங்கள். எண் தெரியாத இடது டயரும் அதோடு போகட்டும். ஒரே அச்சில் ஒன்று புதிது ஒன்று பழையது என்று போடக்கூடாது. அதன் எண்ணை நான் கேட்டது வண்டியின் கதையைத் தெரிந்துகொள்ளத்தானே தவிர, டயரைக் காப்பாற்ற அல்ல. முன்பக்க 2219 இரண்டும் ஆறரை வயது. கழற்றி உள்ளும் வெளியும் பார்த்து வெடிப்பு, புடைப்பு எதுவும் இல்லையென்றால் உள்ளூர் ஓட்டத்துக்குச் சில மாதம் வைத்துக்கொள்ளலாம், கோடைக்குமுன் மாற்றிவிடுங்கள். பக்கச் சுவரில் எங்காவது முட்டை போல் புடைத்திருந்தால் உள்ளே நூல் அறுந்திருக்கிறது என்று பொருள். அதற்கு வயது பார்க்க வேண்டியதே இல்லை, அன்றைக்கே கழற்ற வேண்டும்.

ஸ்டெப்னி பற்றிச் சொன்னால் வருத்தப்படுவீர்கள். பட்டன் தேயாமல் புதிதுபோல் இருக்கும் அந்த 0914தான் ஐந்திலும் மூத்தது, பன்னிரண்டு வயது. டிக்கிக்குள் இருட்டில் இருந்தாலும் சூடும், உள்ளே அடைத்த காற்றும் அதை விடவில்லை. பஞ்சர் ஆனால் பக்கத்துக் கடை வரை மெதுவாக உருட்டிப் போக மட்டும் அது. அதை மாட்டிக்கொண்டு விழுப்புரத்திலிருந்து சென்னை வரை போகலாம் என்று நினைக்காதீர்கள். நாலு டயர் மாற்றும்போது, "ஸ்டெப்னி புதுசா இருக்கு, அதையும் சேர்த்து மூணே வாங்கினா போதும்" என்று எந்தக் கடையிலாவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள்.

இப்போது செகண்ட்ஸ் டயர். 3823 என்பது 2023 செப்டம்பர் டயர். வயதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த எண் உண்மையா என்று முதலில் பாருங்கள். தேதி வாரம்தோறும் மாறுவதால் டயர் வார்க்கும் அச்சில் அதற்கு மட்டும் ஒரு சின்னத் தகட்டை மாற்றி மாற்றிப் பொருத்துவார்கள். அதனால் பெரும்பாலான டயர்களில் அந்த நாலு எண்ணைச் சுற்றி மெல்லிய ஒரு கட்டம் தெரியும். எண்கள் ஒரே உயரத்தில், ஒரே கோட்டில், சுத்தமாக இருக்கும். எண்ணைச் சுற்றி மட்டும் ரப்பர் தேய்த்துவிட்டதுபோல் வழவழப்பாக இருந்தாலோ, கோடுகள் சுட்டுப் பொறித்ததுபோல் ஏறுமாறாக இருந்தாலோ, எண் இருக்க வேண்டிய இடத்தில் எதுவுமே இல்லாவிட்டாலோ பேசாமல் கிளம்பிவிடுங்கள். ஒட்டிய ஸ்டிக்கர், முள் போல் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் முடி, பளபளக்கும் கறுப்புப் பாலிஷ் இவை எதுவும் வயதுக்குச் சாட்சி இல்லை. பாலிஷ் இருந்தால் துணியால் துடைத்துவிட்டு வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள், அதை மறைக்கத்தான் பாதி நேரம் பூசுகிறார்கள்.

அடுத்தது பட்டன் உண்மையா என்பது. மொட்டையான டயரில் சூடான கத்தியால் பள்ளத்தை ஆழமாக வெட்டிப் புதிய பட்டன் போல் காட்டுவது பல ஊர்களில் நடக்கிறது. லாரி டயர்களில் சிலவற்றை இப்படி வெட்டலாம் என்றே கம்பெனி எழுதிக் கொடுக்கும், அதற்கேற்ற கனத்தோடு செய்திருப்பார்கள். கார் டயரில் அந்தக் கனம் கிடையாது. வெட்டினால் கம்பி பெல்ட்டுக்கு மேல் ஒரு தாள் அளவு ரப்பர்தான் மிஞ்சும். கண்டுபிடிக்க நான் மேலே சொன்ன அந்தச் சின்ன மேட்டைத் தேடுங்கள். மேடே காணோம் அல்லது நடுவில் வெட்டுப்பட்டிருக்கிறது என்றால் அது கைவேலை. பள்ளத்தின் அடிப்பகுதி சொரசொரப்பாக, அகலம் இடத்துக்கிடம் மாறி இருக்கும். பட்டன்களின் மேல் இருக்கும் முடிபோன்ற மெல்லிய கீறல்கள் காணாமல் போயிருக்கும்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் எனக்குத் திருப்தி வராது, டயரின் உள்பக்கத்தைப் பார்க்கும்வரை. காற்றில்லாமல் கொஞ்ச தூரம் ஓடிய டயரின் உள்சுவரில் வட்டமாக ஒரு கறுத்த பட்டை தெரியும், விரலால் தடவினால் ரப்பர் தூள் ஒட்டும். வெளியே ஒரு குறையும் தெரியாது. இப்படிப்பட்ட டயர்தான் ஒருநாள் திடீரென்று பக்கச் சுவர் கிழிந்து போகும். கூடவே, பஞ்சர் ஒட்டு எத்தனை, தோள்பட்டைக்கு அருகில் ஒட்டியிருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். கடையில் அடுக்கியிருக்கும் டயரின் உள்ளே டார்ச் அடித்துப் பார்க்க யாரும் தடை சொல்லப்போவதில்லை. தடை சொன்னால் அதுவே பதில்.

ஆனாலும் வாங்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். காரணம் கணக்குதான். புதிய கார் டயரில் பட்டன் ஆழம் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர். 1.6இல் நிறுத்த வேண்டும் என்பதால் நமக்குப் பயன்படுவது 6.4. செகண்ட்ஸ் டயரில் அளந்தால் 4 மில்லிமீட்டர் இருக்கிறது என்று வையுங்கள். பார்க்கப் பாதி பட்டன். பயன்படுவது 2.4 மட்டுமே, அதாவது 37 சதவீதம். உங்கள் வண்டியின் 165/80 ஆர் 14 அளவுக்குப் புதிய டயர் பிராண்டைப் பொறுத்து நாலாயிரத்திலிருந்து ஐயாயிரம் சொச்சம் வரும். நாலாயிரத்து ஐந்நூறு என்று வைத்தாலும் 1,800 என்பது அதில் 40 சதவீதம். 37 சதவீத ஆயுளுக்கு 40 சதவீத விலை, அதோடு வாரண்டி இல்லை, எந்த விபத்து வண்டியிலிருந்து கழற்றினார்கள் என்றும் தெரியாது. 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததில் இந்த இடைவெளி இன்னும் சுருங்கிவிட்டது.

புரோக்கர் சொன்ன 70 சதவீதத்தையும் இதே கணக்கில் போட்டுப் பார்க்கலாம். 70 சதவீதம் பட்டன் என்றால் 6 மில்லிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். ஆழம் அளக்கும் கேஜ் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஒவ்வொரு டயரிலும் உள் ஓரம், நடு, வெளி ஓரம் என மூன்று இடத்தில் அளந்து எழுதுங்கள். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் அல்லது சஸ்பென்ஷன் செலவும் காத்திருக்கிறது. இந்தத் தாளையும் ஐந்து தேதிகளையும் முன்னால் வைத்து, ஐந்து டயருக்கான தொகையை விலையில் குறைக்கச் சொல்லிப் பேசுங்கள். முழுவதும் கிடைக்காது, பாதியாவது கிடைக்கும்.

எல்லா டயரையும் ஒரே நேரத்தில் மாற்ற முடியாவிட்டால் முதல் இரண்டு புதிய டயரைப் பின்பக்கம் போடுங்கள். "ஸ்டீயரிங் முன்னாடிதானே இருக்கு, புதுசை முன்னாடி போடுங்க" என்று கடையில் சொல்வார்கள். மழை நீர் தேங்கிய வளைவில் முன்பக்கம் வழுக்கினால் வண்டி நேராக விலகும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பிடி திரும்ப வாய்ப்பு உண்டு. பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுற்றும், அதைத் திருப்பிப் பிடிக்கும் பயிற்சி நம்மில் யாருக்கும் இல்லை. டயர் கம்பெனிகளும் நல்ல ஜோடியைப் பின்னால் போடத்தான் சொல்கின்றன, முன்சக்கர இழுவை வண்டியாக இருந்தாலும்.

புதிய டயர் வாங்கும்போதும் தேதியைப் பாருங்கள். ஆறு மாதம், ஒரு வருடம் பழையது என்றால் தயங்க வேண்டாம். நிழலில், காற்றடைக்காமல் ஒழுங்காக வைத்திருந்த டயர் அதற்குள் கெட்டுவிடாது. இரண்டு வருடத்தைத் தாண்டினால் வேறு கேளுங்கள், இல்லாவிட்டால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். மாட்டும்போது தேதி உள்ள பக்கத்தை வெளியே தெரியும்படி வைக்கச் சொன்னால் அடுத்தமுறை போனோடு டயருக்கு அடியில் கையை விட வேண்டியிருக்காது. ஆனால் சுழலும் திசை அம்புக்குறியோ, எது வெளிப்பக்கம் என்ற குறியோ போட்ட டயர் என்றால் அந்தக் குறிப்படிதான் மாட்ட வேண்டும். பில்லில் டயர் வரிசை எண்ணை எழுதி வாங்குங்கள், வாரண்டிக்கு உதவும்.

அப்புறம், கழற்றிய 4716ஐயும் அதன் ஜோடியையும் கடையில் அப்படியே விட்டுவிட்டு வராதீர்கள். பழைய டயருக்கு நூறோ இருநூறோ கொடுப்பார்கள், பாலிஷ் ஏறி அதே டயர் வேறொருவர் வண்டிக்குப் போகும். பக்கச் சுவரில் உங்கள் கண்முன்னே கத்தியால் ஆழமாக ஒரு வெட்டுப் போடச் சொல்லிவிட்டு வாருங்கள். அதற்குக் கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.